முத்துக்கரையும் முள்ளந்தண்டும்

மன்னார் என்றவுடன் முத்து நினைவுக்கு வருதல் இயல்பு. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி எனத் தெற்கு நோக்கி நீளும் கரைக்கு எதிரே, கடலடியிற் கிடந்த சிப்பிப் பார்களை நாடி அரபியரும் தென்னிந்தியரும் வந்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அவற்றின் வருவாயை முறையே தமதாக்கிக் கொண்டனர். ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் அரிப்பிற் கட்டிய மாளிகை கடலரித்த இடிபாடாய் அக்காலத்தை நினைவூட்டுகின்றது. 1905 ஆம் ஆண்டின் குளிப்பு அரசுக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. 1906 இல் பார்கள் கம்பனி ஒன்றுக்குக் குத்தகையாயின. 1907 இன் பின் சிப்பி பொய்த்தது. 1925 ஆம் ஆண்டின் குளிப்புக்குப் பிறகு அத்தொழில் பழைய பொலிவை மீண்டும் காணவில்லை.

இவ்வரலாற்றில் எத்தனை சிப்பி எடுக்கப்பட்டது, ஏலத்தில் என்ன விலை போனது, அரசின் பங்கு யாது, குளித்தவன் பெற்ற மூன்றிலொரு பங்கு யாது என்பனவெல்லாம் கணக்காக எழுதப்பட்டுள்ளன. ஆனால் குளித்தவனுடைய உடலின் கதை மிகச் சுருக்கமாகவே எழுதப்பட்டது. காலிற் கல்லைக் கட்டி ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்று மீண்ட அம்மனிதன் சுறாவுக்கே பெரிதும் அஞ்சினான். அவ்வச்சத்தைத் தீர்ப்பதற்குக் கடல்கட்டி எனப்பட்ட மந்திரக்காரர் கரையில் நின்று சுறாவின் வாயைக் கட்டுவதாக ஓதினார். கண்ணுக்குத் தெரிந்த பகைக்கு அக்காலம் இவ்வாறு ஒரு காவல் தேடியது. கண்ணுக்குத் தெரியாத பகையொன்று, முள்ளந்தண்டைத் தாக்கி மனிதனை ஒரு நொடியில் வீழ்த்தும் பகை, பிற்காலத்தில் இதே கடலில் தோன்றியது. அதனால் வீழ்ந்தோரும், பனையிலிருந்து விழுந்தோரும், போரிற் காயமுற்றோரும் எவ்வாறு மீண்டெழ இயலும் என்பது மன்னார்க் கரையின் வரலாற்றில் எழுதப்பட வேண்டிய ஓர் அதிகாரமாகும்.

முள்ளந்தண்டு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிற்றென்புகளாலான தூண். அத்தூணின் நடுவே ஓடும் குழாயில், சுண்டுவிரலின் பருமனுள்ள நரம்பு வடமொன்று மூளையிலிருந்து இடுப்பின் மேற்பகுதி வரை இறங்குகின்றது. பாடநூல்கள் இதனை முண்ணாண் என்னும். மக்கள் வழக்கு முள்ளந்தண்டு வடம் என்னும். மூளை இடும் கட்டளை காலுக்குச் செல்வதும், கால் உணரும் சூடும் நோவும் மூளைக்குச் செல்வதும் இவ்வடத்தின் வழியே நடைபெறுகின்றன. என்பு முறிந்தால் அது மீண்டும் பொருந்தும். வடம் நசுங்கினாலோ அறுந்தாலோ அது மீண்டும் முளைத்துப் பொருந்துவதில்லை. பொருத்தும் வழியை மருத்துவம் இன்னும் தேடிக் கொண்டேயிருக்கின்றது. காயம் கழுத்தில் நேரின் கைகளும் கால்களும் செயலிழக்கும். நெஞ்சுக்குக் கீழே நேரின் கால்கள் செயலிழக்கும். எவ்விடத்தில் நேரினும் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றல் பெரும்பாலும் குன்றும். தோலின் உணர்ச்சி போய்விடும். இவ்விறுதி இரண்டையும் உலகம் நெடுங்காலம் சிறிய விடயங்களாகக் கருதியது. உயிரைக் கொண்டு போனவை பெரும்பாலும் அவையே.

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலக் கரையிலும் இக்காயம் மூன்று வழிகளில் வந்து சேர்கின்றது. முதலாவது பனை. தலைமன்னார், பேசாலை முதலிய ஊர்களில் பனை வீட்டுக்கு உணவும் கூரையும் வேலியும் தரும் மரம். தளநாரைக் காலிற் பூட்டி நாள்தோறும் மரம் ஏறி இறங்கும் சீவல் தொழிலாளிக்கு மழை நனைத்த மரமும் இற்றுப்போன நாரும் ஒருநாள் எமனாகலாம். உயரத்திலிருந்து விழும் உடலின் பாரம் முழுவதும் முதுகின் ஓரிரு என்புகளின்மேல் வந்து தாக்கும்போது அவை நொறுங்கி வடத்தை நசுக்கி விடுகின்றன. இரண்டாவது கடல். மூன்றாவது போர். இவற்றுள் கடல் செய்யும் தீங்கு புறத்தே காயமெதுவுமின்றி நிகழ்வதால் அதன் வரலாற்றைச் சற்று விரித்துக் கூறுதல் தகும்.

நீரில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகின்றது. 20 மீற்றர் ஆழத்திலிருப்பவன் கரையிலுள்ளவனைவிட மூன்று மடங்கு அமுக்கத்திற்கு ஆளாகிறான். அவ்வாழத்தில் நெடுநேரம் காற்றைச் சுவாசித்தால், காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் மிகுதியாகக் கரையும். மெல்ல மேலேறினால் அது நுரையீரல் வழியே அமைதியாக வெளியேறி விடும். விரைந்து ஏறினால், மூடி திறந்த சோடாப் புட்டியிற் போல உடலினுள்ளே குமிழிகள் பொங்கும். அக்குமிழிகள் முள்ளந்தண்டு வடத்தின் குருதியோட்டத்தைத் தடுக்கும்போது, படகில் ஏறிச் சிரித்துப் பேசிக் கொண்டிருந்தவன் சிறிது நேரத்தில் கால் மரத்துச் சாய்கிறான். பண்டைய முத்துக்குளிப்போன் ஒரு மூச்சுக் காற்றோடு இறங்கி ஒரு நிமிடத்தில் மீண்டமையால் இத்தீங்கு அவனைப் பெரும்பாலும் அணுகவில்லை. காற்றைக் கடலடிக்குக் கொண்டு செல்லும் கருவி வந்த பின்னரே இது தொழிலாளரின் நோயாயிற்று.

உலகின் பிற கரைகள் இந்நோயை முன்னரே அறிந்திருந்தன. 1860 களில் ஈஜியன் கடலின் கிரேக்கத் தீவுகளுக்கு உலோகத் தொப்பியோடு கூடிய மூழ்குடை வந்தது. கடற்பஞ்சு எடுக்கும் இளைஞர் அதனை அணிந்து முன்னிலும் ஆழமாகச் சென்றனர். முன்னிலும் பெரும்பொருள் ஈட்டினர். முடமாகியும் இறந்தும் போனோர் தொகை நூற்றுக்கணக்கில் ஏறியது. கலிம்னோஸ் என்னும் தீவில் இன்றும் ஆடப்பெறும் நடனமொன்றில், ஆடுபவன் கைத்தடி ஊன்றி, நடுங்குங் கால்களோடு நிற்க முயலும் முடமான மூழ்கியாகத் தோன்றுகிறான். அத்தீவு தன் துயரத்தை ஒளிக்காமல் ஆட்டமாக்கிக் கொண்டது. அமெரிக்காவில் புரூக்ளின் பாலம் கட்டப்பட்டபோது ஆற்றடியில் அமுக்கக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்தோரையும் இதே நோய் பிடித்தது. தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872 இல் அதற்கு இரையாகி வீட்டோடு முடங்கினார். எனினும் அவர் அறையிலிருந்தே கட்டளை வகுத்தார். அவருடைய மனைவி எமிலி அக்கட்டளைகளை ஏந்திச் சென்று வேலையை நடத்தினார். 1883 இல் பாலம் திறக்கப்பட்டது. நடமாட்டம் குன்றியவரின் அறிவும் உறுதியும் குன்றுவதில்லை என்பதற்கு அப்பாலம் ஒரு சான்று.

பிரெஞ்சு அறிஞர் போல் பேர் 1878 இல் இந்நோய்க்கு நைதரசன் குமிழிகளே காரணம் என நிறுவினார். பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளால், படிப்படியாகத் தரித்துத் தரித்து மேலேறும் அட்டவணையை 1908 இல் வெளியிட்டார். ஆகவே இக்காயத்தைத் தடுக்கும் அறிவு உலகுக்குக் கிடைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவ்வறிவு ஏழைத் தொழிலாளியின் கைக்கு எட்டாததே துயரம். மன்னார்க் கடலில் காற்றுச் சிலிண்டர் பூண்டு சங்கும் கடலட்டையும் எடுப்போருள், முறையான பயிற்சியின்றித் தொழிலுக்கு வந்தோர் உண்டு. ஆழமும் நேரமும் கணிக்கும் கருவியின்றி ஒரே நாளில் பலமுறை மூழ்குதலும், கடலட்டை குறைந்தவிடத்து மேலும் ஆழம் நாடுதலும் ஆபத்தைப் பெருக்குகின்றன. நோய் கண்டவனை மீண்டும் கடலில் இறக்கினால் சரியாகிவிடும் என்னும் நம்பிக்கை பல நாட்டு மூழ்கிகளிடையே உண்டு. துணையும் ஒட்சிசனும் இன்றி அவ்வாறு செய்தல் உயிருக்கே கேடாகும். செய்யத்தக்கது தாமதமின்றி ஒட்சிசன் அளித்து, அமுக்க அறையுள்ள இடத்துக்குக் கொண்டு செல்வதே. இலங்கைக் கடற்படை திருகோணமலையில் அத்தகைய அறையொன்றைப் பேணி வந்துள்ளது. மேற்குக் கரையில் கால் மரத்த ஒருவனுக்குக் கீழ்க்கரை எவ்வளவு தொலைவு என்பதை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு மணி நேரத்தின் மதிப்பும் விளங்கும்.

காயம் நேர்ந்த பின் என்ன என்பதே அடுத்த வினா. இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் மிக நெடுங்காலம் அளித்த விடை மௌனம். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு, எட்வின் ஸ்மித் பெயரால் வழங்கும் எகிப்திய ஓலைச்சுவடி, கழுத்தென்பு பிறழ்ந்து கைகால் உணர்விழந்தவனின் குறிகளை வியக்கத்தக்க நுட்பத்தோடு விவரிக்கின்றது. விவரித்த பின், இது மருத்துவம் செய்யத் தகாத நோய் என்று முடிக்கின்றது. முதலாம் உலகப் போர் வரை நிலைமை பெரிதும் மாறவில்லை. முள்ளந்தண்டு வடம் சிதைந்த போர்வீரருள் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டனர். அவர்களைத் தொட்டுத் திருப்புதலும் வீண் வேலையாக எண்ணப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதல்வராக எண்ணத்தக்கவர் லுட்விக் குட்மான். ஜெர்மனியிற் பிறந்த யூதரான அவர், 1917 இல் இளைஞராக ஒரு வைத்தியசாலையில் தொண்டு செய்தபோது, முதுகு முறிந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் திரைக்குப் பின்னே ஒதுக்கப்பட்டதைக் கண்டார். சில வாரங்களில் இறந்து போகும் ஒருவருக்குக் குறிப்பெழுதுதலும் வேண்டா என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவ்வாறே அத்தொழிலாளி ஐந்து வாரங்களில் இறந்தார். நாசிகளின் கொடுமையால் 1939 இல் இங்கிலாந்து புகுந்த குட்மானிடம், 1944 பெப்ரவரி 1 ஆம் நாள் ஸ்டோக் மண்டவில் என்னும் ஊரின் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயப் பிரிவொன்று ஒப்படைக்கப்பட்டது. அங்கே அவர் புதுமையான அறுவைச் சிகிச்சை எதனையும் கொண்டு வரவில்லை. நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றித் திருப்பினார். சிறுநீரைத் தூய முறையில் வெளியேற்றுவித்தார். தோலை நாள்தோறும் பார்வையிட்டார். படுத்தவரை உட்காருவித்தார், உட்கார்ந்தவருக்கு வேலை கொடுத்தார், வேலை செய்தவரை விளையாடச் செய்தார். 1948 யூலை 29 ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டு தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் ஸ்டோக் மண்டவில்லில் வில்வித்தைப் போட்டியில் இறங்கினர். 1960 இல் உரோமாபுரியில் 23 நாடுகளின் வீரர் கூடிய விளையாட்டு அதன் கிளையே.

குட்மானின் முறையிலிருந்து பெறத்தக்க பாடம் யாதெனில், வடத்தை ஒட்ட வைக்க இயலாதபோதும் வாழ்வை ஒட்ட வைக்க இயலும் என்பதாம். அதற்கு வேண்டியவை விலையுயர்ந்த பொறிகளைக் காட்டிலும், தவறாத ஒழுங்கும் பொறுமையுள்ள கைகளுமேயாகும். உணர்ச்சியற்ற தோல் ஒரே பக்கமாய் அழுந்திக் கிடந்தால் சில மணி நேரத்தில் அங்கே குருதி செல்லாது புண்ணாகும். நோவு தெரியாமையால் அப்புண் என்பு வரை ஆழும். பக்கம் மாற்றினால் புண் இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் இடையிடையே கைகளை ஊன்றி உடலைச் சற்று உயர்த்தினால் புண் இல்லை. சிறுநீர்ப் பையில் நீர் தேங்கினால் தொற்று உண்டாகிச் சிறுநீரகம் கெடும். குறித்த வேளைகளில் சிறு குழாயொன்றைத் தாமே செலுத்தி நீரை வெளியேற்றினால் அது கெடாது. அக்குழாயைச் சவர்க்காரத்தால் கழுவிய தூய கையோடு வீட்டிலேயே கையாளலாம் என்பதை 1972 இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடெஸ் காட்டினார். கிணற்று நீரும் சவர்க்காரமும் பழக்கமும் உள்ள எந்தக் குடிசையிலும் இது இயலும். இயன்மருத்துவர் கைகளையும் தோள்களையும் வலுப்படுத்தி, படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து மலகூடத்துக்கும் தாமே மாறும் வித்தையைக் கற்பிக்கின்றார். குழந்தை நடை பயிலுதல் போன்ற முயற்சியன்றோ இது? வளர்ந்தவர் ஒருவர் நாணத்தை அடக்கிக் கொண்டு இதனைப் பயிலுதல் அதனினும் அரிது.

உடலுக்கு நேர்ந்ததை உடலோடு நிறுத்திவிடவும் இயலாது. நேற்று வரை கடலையும் மரத்தையும் வென்று வீட்டைத் தாங்கியவன், இன்று தன் ஆடையை மாற்றவும் மனைவியை அழைக்க வேண்டியிருக்கிறது. முதலில் அவன் நம்ப மறுக்கிறான். ஒருநாட் காலையில் கால் அசையும் என்று காத்திருக்கிறான். அசையாதபோது கோபம் எழுகிறது. கோபம் தணிந்தவிடத்துத் துயரம் படிகிறது. வீட்டுக்குப் பாரமானேன் என்னும் எண்ணம் சிலரை உயிரை வெறுக்கும் நிலைக்கும் கொண்டு செல்லும். இஃது உள்ளத்தின் கோழைமை அன்று. பெரும் இழப்புக்கு மனிதர் காட்டும் இயல்பான துக்கம். இறந்தோர்க்கு எட்டுச் செலவும் முப்பத்தொன்றும் வைத்துத் துக்கத்துக்கு ஒரு முறை வகுத்த சமூகம், உயிரோடிருந்து உடலின் பாதியை இழந்தோர்க்கு அத்தகைய முறையொன்றை வகுக்கவில்லை. சுற்றத்தார் வந்து இரக்கம் சொல்லிப் போவர்; சிலர் முற்பிறப்பின் வினை என்பர். இரண்டுமே அவனைப் படுக்கையோடு பிணிக்கின்றன. அவனை எழுப்பும் ஆற்றல் முன்பே அவ்வழி சென்று மீண்ட மற்றொருவரின் சொல்லுக்கு உண்டு. சக்கர நாற்காலியில் வாயிலுக்கு வந்து, நானும் இப்படித்தான் கிடந்தேன் என்று ஒருவர் கூறும்போது, ஆயிரம் அறிவுரைகள் திறக்காத கதவு திறக்கின்றது.

இவ்வாறு வழி காட்டியோர் தமிழ் நாட்டிலும் தோன்றினர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவரான மேரி வர்கீஸ் 1954 இல் வாகன விபத்தொன்றில் முள்ளந்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழ்ச் செயலிழந்தார். தொழுநோயாளரின் கைகளைத் திருத்திப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் போல் பிராண்ட் அவருக்கு ஊக்கமளித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே மேரி வர்கீஸ் தொழுநோயாளருக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் நியூயோர்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பெற்றும் பயின்றும் வேலூருக்கு மீண்டார். 1966 இல் அங்கே திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் கனி. 1972 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. மருத்துவர் நோயாளியாகி, நோயாளி மீண்டும் மருத்துவரானமையால், அந்நிலையத்திற்கு வந்த ஒவ்வொருவரும் தம்மால் எட்டக்கூடிய எதிர்காலத்தை அவர் உருவிலேயே கண்டனர்.

தென்காசிக்கு அண்மையிலுள்ள ஆய்க்குடியில் எழுந்த அமர் சேவா சங்கத்தின் கதையும் இத்தகையதே. பொறியியல் மாணவரான எஸ். இராமகிருஷ்ணன் 1975 இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சியின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்தார். தமக்கு மருத்துவம் செய்து தேற்றிய விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை வைத்து, 1981 இல் சிற்றூரில் அச்சங்கத்தைத் தொடங்கினார். பெருநகரத்துக்கு நோயாளியை அழைக்காமல் ஊருக்கே மருத்துவத்தைக் கொண்டு செல்லலாம் என்பதை அவர் செயலிற் காட்டினார். 2020 ஆம் ஆண்டுக்கான பத்மசிறீ விருதுப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பாக்குநீரிணைக்கு இப்புறமுள்ள மன்னாருக்கு, பெருநகர வைத்தியசாலைகளைக் காட்டிலும் ஆய்க்குடியின் எடுத்துக்காட்டு நெருங்கியது. இரண்டும் வெயிலும் பனையும் சிறு வருவாயும் கொண்ட ஊர்கள்.

இலங்கையில் நெடுங்காலமாக இத்துறைக்குப் பெயர்பெற்றது கொழும்பையடுத்த இராகமையின் மறுவாழ்வு வைத்தியசாலை. மன்னாரிலிருந்து அங்கே செல்லுதல் நெடும் பயணம். தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு மொழியும் ஒரு தடை. போர்க்காலத்தில் பாதையே மூடியிருந்தது. 2008 இல் மடு, விடத்தல்தீவுப் பகுதிகளினூடே நகர்ந்த போர், மக்களைக் கிழக்கு நோக்கிப் பெயர்த்துக் கொண்டே சென்று 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. எறிகணைச் சிதறலும் குண்டும் முதுகைத் துளைத்துச் செயலிழந்தோர் பலர் அப்பெயர்வில் இருந்தனர். காலை இழந்தவரின் இழப்பு எல்லார்க்கும் தெரிந்தது. செயற்கைக் கால் பொருத்தும் நிலையங்களும் இருந்தன. முள்ளந்தண்டு சிதைந்தவரிடமோ கைகால் யாவும் இருந்தன. அவற்றின் உயிர்ப்பு மட்டும் இல்லை. கொட்டிலிலும் கூடாரத்திலும் தறையிற் கிடந்த அவர்களைப் படுக்கைப் புண் விரைந்து பற்றியது.

அந்நிலையில் 2009 இல் வவுனியாவையடுத்த பம்பைமடு ஆயுள்வேத வைத்தியசாலையில், சுகாதார அமைச்சும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து முள்ளந்தண்டுக் காயமுற்றோருக்கான பிரிவொன்றை நடத்தலாயின. புண் ஆற்றுதல், சிறுநீர் மேலாண்மை, இயன்மருத்துவம், சக்கர நாற்காலிப் பயிற்சி ஆகியவற்றோடு உளவளத்துணையும் அங்கே இடம்பெற்றது. ஸ்டோக் மண்டவில்லில் 65 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டதே வன்னி மண்ணில் மீண்டும் செய்யப்பட்டது எனலாம். பிள்ளையை, துணையை, வீட்டை இழந்த துக்கமும் உடலை இழந்த துக்கமும் அங்கே பிரிக்க முடியாதவாறு பின்னிக் கிடந்தன. ஆகவே கால் வலுப்பெறுவதற்கும் மனம் வலுப்பெறுவதற்கும் வேறு வேறு வேளை ஒதுக்க முடியவில்லை.

அப்பிரிவுகளிலிருந்து வீடு திரும்பியோரை எதிர்கொண்டது மற்றொரு சோதனை. வைத்தியசாலையின் வழவழப்பான தரையில் ஓடிய சக்கரம் முற்றத்து மணலிற் புதைந்தது. மலகூடத்தின் வாயில் நாற்காலிக்கு ஒடுங்கியது. கிணற்றுக் கட்டு உயர்ந்திருந்தது. இத்தடைகளுக்குப் பதில் தேடி வடக்கில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தாமே ஒன்று கூடி உயிரிழை என்னும் அமைப்பை உருவாக்கினர். அறுந்த நரம்பிழைக்கு மாற்றாக மனிதரோடு மனிதரைப் பிணைக்கும் இழையொன்று நூற்கப்பட்டது என அப்பெயர் பொருள் தருகின்றது. மன்னாரில் மார்டாப் எனச் சுருங்க வழங்கும் மாற்றுத்திறனாளர் புனர்வாழ்வுச் சங்கமும் அக்கரையின் தேவைகளோடு இணைந்து உழைத்து வந்துள்ளது.

சட்டமும் இத்திசையில் சில அடிகள் எடுத்து வைத்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உடல் ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களுக்குள் எவரும் தடையின்றிப் புகும் வசதி வேண்டும் என்னும் ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. விதி ஏட்டில் உறங்கியபோது அதனை எழுப்பியவர் அஜித் பெரேரா. இரசாயனவியலாளராகவும் கிரிக்கெட் நடுவராகவும் விளங்கிய அவர், 1992 இல் ஓடிக்கொண்டிருந்த தம் கார்மேல் சாலையோர மரம் சாய்ந்ததால் முள்ளந்தண்டு நொறுங்கிச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவர். 2020 இல் மறையும் வரை அவர் இடையறாது வாதாடினார். அவர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2011 இல் அளித்த கட்டளை, புதிய பொதுக் கட்டடங்கள் யாவர்க்கும் வாயில் திறக்க வேண்டும் என வலியுறுத்தியது. 2016 இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சாசனத்தை ஏற்றது. பிரதேச செயலகம், பாடசாலை, கோயில், வைத்தியசாலை ஆகிய ஒவ்வொன்றின் படிக்கட்டருகேயும் ஒரு சாய்தளம் இல்லாதவிடத்து, இச்சட்டங்கள் யாவும் அப்படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிடுகின்றன.

மன்னார்க் கரை மக்கள் தம்மளவிற் செய்யத்தக்கனவும் உள. மரத்திலிருந்து விழுந்தவரை இருவர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்குதலும், உந்துருளியில் இருத்தி விரைதலும் நல்லெண்ணத்தால் விளையும் பெருந்தீமை. அசையாத வடம் அப்போதுதான் அறுந்து போகலாம். கழுத்தும் முதுகும் வளையாமல், பலர் ஒருங்கே பிடித்துக் கதவுப் பலகை போன்ற சமமான பலகையின்மேற் கிடத்தியே கொண்டு செல்லல் வேண்டும். முறிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுக்குக் கொண்டு செல்லுமுன், கால் விரல்கள் அசைகின்றனவா, தொட்டால் தெரிகின்றதா என்று கேட்டறிந்து வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். கடலில் இறங்குவோர்க்குப் பயிற்சியும், ஆழமும் நேரமும் அளக்கும் கருவியும், படகில் ஒட்சிசனும் தொழிற் கருவிகளாகவே எண்ணப்படல் வேண்டும். ஒரு மூட்டை கடலட்டையின் விலையில் இவற்றின் செலவும் அடங்கியதாகக் கொள்வதே நேர்மையான கணக்கு.

வீடு திரும்பியவருக்குத் தொழில் வேண்டும் என்பது இறுதியாகக் கூறத்தக்கதாயினும் முதன்மையானது. வலை பின்னுதற்கும் வலை பொத்துதற்கும் கால் வேண்டியதில்லை. பனையோலைப் பெட்டியும் பாயும் இழைத்தல், வானொலியும் தொலைபேசியும் திருத்துதல், தையல், கடை நடத்துதல், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுதல் ஆகியவற்றுக்கும் அவ்வாறே. ஈட்டிய முதற் பணத்தை வீட்டாரிடம் கொடுக்கும் நாளில், மருந்து எதுவும் தராத நிமிர்வு அவருடைய முதுகுக்குத் திரும்புகின்றது. முள்ளந்தண்டு என்னும் சொல்லுக்கு உறுதி என்னும் பொருளும் உலக வழக்கில் உண்டு. அவ்வுறுதி என்பில் மட்டும் தங்கியதன்று என்பதை ரோப்ளிங்கும் மேரி வர்கீசும் அஜித் பெரேராவும் பம்பைமடுவிலிருந்து வீடு சென்ற பெயர் தெரியாதோரும் மெய்ப்பித்தனர்.

முத்துக் குளித்த காலத்தில் மன்னார்க் கரை சிப்பியை எண்ணியது, குளித்தவனை எண்ணவில்லை. அக்கணக்கைத் திருத்தும் பொறுப்பு இக்காலத்தினது. முதுகு முறிந்து ஒரு மூலையிற் கிடப்பவர் எத்தனை பேர், அவருள் புண்ணின்றி இருப்போர் எத்தனை பேர், முற்றங் கடந்து தெருவுக்கு வர இயன்றோர் எத்தனை பேர், உழைத்துப் பொருளீட்டுவோர் எத்தனை பேர் என்று ஒவ்வோர் ஊரும் தன்னைத்தானே கேட்டுக் கொள்ளல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை சொல்ல இயன்ற ஊரில், பனையிலிருந்தோ கடலிலிருந்தோ அடுத்து வீழ்பவர் திரைக்குப் பின்னே ஒதுக்கப்பட மாட்டார்.